வீட்டில் செய்த வட்ட ரம்பம்: பிளேடு ஏன் ஆடுகிறது, வேகம் எவ்வளவு வைக்கலாம்?

கேள்வி இது: 1 ஹெச்.பி., 1440 ஆர்.பி.எம். சிங்கிள் ஃபேஸ் மோட்டார். 20 மி.மீ. ஷாஃப்ட், அதைத் தாங்க இரண்டு யுசிபி 204 பிளம்மர் பிளாக் (பேரிங் பொருத்திய இரும்புத் தாங்கி). மோட்டாரிலும் ஷாஃப்டிலும் 3 அங்குல புல்லி, நடுவில் ஒரு வி-பெல்ட். பிளேடு 10 அங்குலம், 60 பல், கார்பைடு முனை. பிளேடின் துளை 25.4 மி.மீ. என்பதால் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் புஷ், இரண்டு பக்கமும் ஹார்டுவேர் கடை வாஷர், ஒரு நட். ஓடும்போது பிளேடின் விளிம்பு பக்கவாட்டில் ஒன்றரை மில்லி ஆடுகிறது. வெட்டிய முகம் கருகுகிறது. இரண்டு அங்குல வேப்பம் பலகையைத் தள்ளினால் மோட்டார் திணறுகிறது. பிளேடை மாற்றலாமா, பெரிய புல்லி போட்டு 4000-க்கு ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிளேடை இப்போது மாற்ற வேண்டாம். புல்லியையும் தொட வேண்டாம். ஆட்டம் இருக்கும்போது வேகத்தை ஏற்றுவது ஆபத்து. எடை ஒரு பக்கம் தள்ளி நின்றால் அது இழுக்கும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 1440-லிருந்து 4000-க்குப் போனால் வேகம் 2.8 மடங்கு, அதிர வைக்கும் விசையோ கிட்டத்தட்ட 7.7 மடங்கு. அந்த வேகத்தில் பிளாஸ்டிக் புஷ்ஷை நம்பி ஒரு கார்பைடு பிளேடுக்கு எதிரே நான் நிற்க மாட்டேன். முதலில் ஆட்டம், பிறகு வேகம்.

ஒன்றரை மில்லி என்றதும் ஏதோ பெரிதாக வளைந்திருக்கிறது என்றுதான் தோன்றும். அப்படி இருக்க வேண்டியதில்லை. உங்கள் வாஷர் பிளேடைப் பிடிக்கும் வட்டம் ஏறக்குறைய 35 மி.மீ. பிளேடு 254 மி.மீ. நடுவில் இருக்கும் பிசகு விளிம்புக்கு வரும்போது ஏழு மடங்குக்கு மேல் பெருகும். அப்படியானால் வாஷருக்கும் பிளேடுக்கும் நடுவே வெறும் 0.2 மி.மீ. ஏற்றத்தாழ்வு இருந்தாலே விளிம்பில் ஒன்றரை மில்லி வந்துவிடும். 0.2 மி.மீ. என்பது சாதாரண ஏ4 தாள் இரண்டின் கனம். கடை வாஷர் தகட்டிலிருந்து அடித்து வெட்டி எடுப்பது. ஒரு பக்கம் ஓரம் மழுங்கியும் மறு பக்கம் பிசிறோடும் இருக்கும், லேசாகக் குவிந்தும் இருக்கும். போல்ட்டை இறுக்க அது போதும், பிளேடைப் பிடிக்கப் போதாது. என் சந்தேகம் முதலில் அந்த வாஷர் மேல்தான். ஆனால் சந்தேகத்தை வைத்துச் செலவு செய்ய வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம்.

பிளக்கைச் சுவிட்சில் அணைத்தால் மட்டும் போதாது, உருவிக் கீழே போடுங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள். டயல் கேஜும் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) காந்த ஸ்டாண்டும் இரவல் கிடைத்தால் நல்லது. பக்கத்து லேத் பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கிடைக்காவிட்டால் ஒரு மரக்கட்டையில் நீளமான திருகாணியை முறுக்கி, கட்டையை மேசையோடு கிளாம்ப் செய்து, திருகாணி முனை பிளேடைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். பிளேடைக் கையால் மெதுவாகச் சுற்றி, இடைவெளி அதிகமாகும் இடத்தில் எத்தனை தாள் நுழைகிறது என்று பாருங்கள். ஒரு தாள் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் போதும், அளவு கைக்கு வந்துவிடும். முனை பற்களில் படக்கூடாது. பல்லிடுக்குக்குக் கீழே வழவழப்பான தகட்டில் பட வேண்டும். பிளேடின் விளிம்பில் வெப்பத்துக்காக வெட்டியிருக்கும் பிளவுகளைத் தாண்டும்போது டயல் முள் துள்ளும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அதிகம் வெளியே தள்ளும் இடத்தில் பிளேடின் மேல் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அதே நேரில் ஷாஃப்டின் முனையிலும் ஒரு கோடு. இப்போது நட்டைத் தளர்த்தி, ஷாஃப்டை அசைக்காமல் பிளேடை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி இறுக்குங்கள். மறுபடி அளங்கள். இந்த ஒரு சோதனை பாதிப் பிரச்சினையைப் பிரித்துக் கொடுத்துவிடும். வெளியே தள்ளும் இடம் பெருக்கல் குறியோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் குற்றம் பிளேடுடையது, தகடு வளைந்திருக்கிறது. குறி எதிர்ப்பக்கம் போயும், ஷாஃப்டில் போட்ட கோட்டு நேரிலேயே தள்ளல் நின்றால் பிளேடு நிரபராதி. வாஷரோ ஷாஃப்டோ கோணல். இரண்டோடும் ஒட்டாமல் ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் ஒவ்வொரு அளவு காட்டினால் உட்காரும் முகத்தில் தூசியோ பிசிறோ இருக்கிறது, அல்லது வாஷர் இறுக்கத்துக்கு ஏற்ப வளைகிறது. உங்கள் அமைப்பில் இந்த மூன்றாவது விடை வந்தால் எனக்கு ஆச்சரியமே இருக்காது.

பிளேடுதான் வளைந்தது என்று தெரிந்தால் அதைச் சுத்தியலால் சரிசெய்ய இறங்காதீர்கள். மரவாடிகளில் பெரிய ரம்பத் தகடுகளைப் பட்டறைக்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவார்கள், உண்மைதான். அது தனித் தொழில். கார்பைடு முனை ஒட்டிய சின்ன பிளேடில் ஒரு அடி தவறினால் முனை விரிசல் விடும், விரிசல் விட்ட முனை ஓட்டத்தில் பறக்கும். அதை எடைக்குப் போடுங்கள்.

பிளேடு தப்பித்தால் உள்ளே போக வேண்டும். பிளேடைக் கழற்றிவிட்டு உள்பக்க வாஷரின் முகத்தில், ஓரத்துக்கு அருகில் டயலை வைத்துச் சுற்றுங்கள். இங்கே 0.02, 0.03 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அப்புறம் ஷாஃப்டின் மேல்புறத்தில், பிளேடு உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஷாஃப்டே வளைந்திருந்தால் இங்கே தெரியும். கடைசியில் ஷாஃப்ட் முனையைப் பிடித்து மேலும் கீழும், பிறகு உள்ளும் புறமும் அசைத்துப் பாருங்கள். கையில் ஏதாவது 'டக்' என்று தட்டினால் பேரிங் பக்கம் போக வேண்டும்.

பிளம்மர் பிளாக்கில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. யுசி வகைப் பேரிங்கின் உள்துளை ஷாஃப்ட் எளிதாக நுழையும்படிதான் இருக்கும். பிறகு இரண்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்னத் திருகு) அதை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கும். ஷாஃப்ட் அளவில் சரியாக இருந்தால் இந்த ஒதுக்கம் பெரிதல்ல. கடையில் வாங்கிய பிரைட் பார் 20 என்று சொன்னாலும் கொஞ்சம் குறைவாக இருப்பது சகஜம். மைக்ரோமீட்டரில் 19.95 காட்டினால் அந்த ஷாஃப்ட் பேரிங்கின் நடுவில் ஓடவில்லை, ஓரத்தில் ஓடுகிறது. இந்தப் பேரிங்குகளுக்கு அனுமதித்த உச்ச வேகமும் ஷாஃப்டின் பிடிப்பைப் பொறுத்ததுதான். பிடிப்பு தளர்ந்தால் அந்த வரம்பு வெகுவாக இறங்கும். கன்வேயருக்கும் மாவு மில்லுக்கும் ஏற்ற பொருள் அது. ரம்பத்துக்குப் போடலாம், ஆனால் ஷாஃப்டை அளவுக்குக் கடைந்து, இறுக்கமாக நுழையும்படி செய்துதான் போட வேண்டும்.

பிளாஸ்டிக் புஷ் கொடுக்கும் தொல்லை இதிலிருந்து வேறு. அது பக்கவாட்டு ஆட்டம் அல்ல, மேலும் கீழுமான ஏற்றம். துளை நடுவில் உட்காராவிட்டால் பிளேடின் ஒரு பக்கப் பற்கள் உயரமாக வரும், மறுபக்கப் பற்கள் மரத்தைத் தொடக்கூடத் தொடாது. அறுபது பல்லுக்குக் காசு கொடுத்துவிட்டு இருபது பல்லால் அறுப்பீர்கள். மெதுவாகத் தள்ளும்போது ஒரே சீரான இரைச்சலுக்குப் பதில் ஏறி இறங்கும் சத்தம் வந்தால் இதுதான். சூடானால் பிளாஸ்டிக் இளகும், அதற்குப் பிறகு எந்த அளவும் நிலையாக நிற்காது. கடைந்த இரும்பு வளையம் போடுங்கள், அல்லது ஷாஃப்டிலேயே 25.4-க்குப் படி எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வழிதான் என் பரிந்துரை. புதிதாக ஒரு ஷாஃப்ட் கடைய வைப்பது, இருப்பதை ஒட்டுப் போடுவதைவிடத் தலைவலி குறைவு. லேத்காரரிடம் 'ரம்பத்துக்கு ஒரு ஷாஃப்ட்' என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தோன்றியதைச் செய்து கொடுப்பார். இப்படிச் சொல்லுங்கள்: ஈஎன்8 (எஃகு வகை) கம்பி, பேரிங் உட்காரும் இடம் இரண்டும் 25 மி.மீ., 6205 பேரிங் லேசாகத் தட்டி ஏற்றும் அளவு. பிளேடு உட்காரும் படி 25.4 துளையில் ஆடாமல் கையால் நுழையும் அளவு; அதற்கு வெளியே எம்20 மரை. உள்பக்க பிளாஞ்ச் (வாஷருக்குப் பதிலாக பிளேடைப் பிடிக்கும் கனமான வட்டு) 80 மி.மீ. விட்டம், ஷாஃப்டில் இறுக்கி ஏற்றிய பிறகு, இரு முனையிலும் சென்டர் கொடுத்துப் பிடித்து, அதே பிடிப்பில் முகத்தையும் பிளேடு படியையும் முடிக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். பிளாஞ்சைத் தனியாகக் கடைந்து பிறகு ஏற்றினால் ஏற்றும்போதே கோணலாகிவிடும். பிளாஞ்சின் முகத்தில் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு மில்லி வளையத்தை விட்டுவிட்டு நடுவை அரை மில்லி ஆழத்துக்குக் குடையச் சொல்லுங்கள். பிளேடை வெளி வளையம் மட்டும் பிடிக்கும், நடுவில் ஒரு தூசி இருந்தாலும் அது தள்ளாது. வெளிப்பக்க பிளாஞ்சும் அதே விட்டம், அதே குடைவு.

80 மி.மீ. எதற்கு என்றால், பிளாஞ்ச் பிளேடின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் தகடு நடுங்காது. பெருக்கமும் ஏழிலிருந்து மூன்றுக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். வெட்டும் ஆழம் கொஞ்சம் குறையும், போகட்டும்.

மரை எந்தப் பக்கம் என்பதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் பிளேடின் மேல் விளிம்பு உங்களை நோக்கி வர வேண்டும். நட் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் சாதாரண வலது மரை, இடக்கைப் பக்கம் இருந்தால் இடது மரை. மாற்றிப் போட்டால் மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் நட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். நட்டையும் முழு பலத்தோடு முறுக்க வேண்டியதில்லை. ஸ்பேனரை நீட்டிக் குழாய் மாட்டி இறுக்கினால் பிளாஞ்ச் கிண்ணம் மாதிரி வளைந்து மறுபடியும் பிளேடை ஆட்டும்.

எல்லாம் சரியானால் 10 அங்குல பிளேடில் பல்லுக்குக் கீழே 0.1 மி.மீ. ஆட்டம் அருமை, 0.2 வரை வேலைக்குப் போதும். அளக்கக் கருவி இல்லையென்றால் ஒரு பலகையில் அரை அடி அறுத்து அந்தப் பிளவின் அகலத்தை வெர்னியரில் பாருங்கள். பல்லின் அகலம் 2.8 என்றால் பிளவு 3.0 இருக்கலாம். இப்போது உங்களுக்கு அது நாலரையை ஒட்டி வரும். அதாவது தேவைக்கு ஒன்றரை மடங்கு மரத்தைப் பொடியாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மோட்டார் திணறுவதற்கு ஒரு காரணம் அங்கேயே இருக்கிறது.

கையால் சுற்றும்போது நேராக இருந்து, ஓட்டத்தில் மட்டும் அதிர்ந்தால் மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். பெல்ட் இல்லாமல் மோட்டார் மட்டும். பிறகு பெல்ட் போட்டு, பிளேடு இல்லாமல். பிறகு பிளேடோடு. முதல் ஓட்டத்திலேயே அதிர்ந்தால் மோட்டார் பேரிங் அல்லது புல்லி. இரண்டாவதில் வந்தால் பெல்ட், அல்லது இரண்டு புல்லியும் ஒரே நேரில் இல்லை; ஒரு நேரான அளவுகோலை இரண்டின் முகத்திலும் சேர்த்து வைத்தால் தெரிந்துவிடும். பல மாதம் ஒரே நிலையில் கிடந்த வி-பெல்ட் அந்த வளைவை மறக்காமல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குதி குதிக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. நேராக ஓட ஆரம்பித்து, கொஞ்ச நேரம் அறுத்த பிறகு ஆட ஆரம்பிப்பது. அது சூடு. விளிம்பு மட்டும் சூடாகி விரிந்தால் தகடு அலையாக நெளியும். ஆறவிட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். மழுங்கிய பல், பல்லில் ஒட்டிய பிசின், பிளேடுக்கு இணையாக இல்லாத ஃபென்ஸ் (பலகையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டம்) இவைதான் சூட்டுக்குக் காரணம். ஃபென்ஸைச் சோதிக்க ஒரே ஒரு பல்லில் குறி போட்டு, அதை முன்பக்கம் வைத்து ஃபென்ஸுக்கு உள்ள தூரத்தை அளந்து, அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக்கொண்டுபோய் மறுபடி அளங்கள். பின்பக்கம் குறுகி இருந்தால் மரம் சிக்கும், கருகும், திருப்பி அடிக்கும்.

இனி வேகம். பார்க்க வேண்டியது ஆர்.பி.எம். அல்ல, பல் எத்தனை வேகத்தில் மரத்தைத் தொடுகிறது என்பது. 254 மி.மீ. பிளேடு ஒரு சுற்றில் 0.8 மீட்டர் போகும். உங்கள் 1440-ல் அது நொடிக்கு 19 மீட்டர். கடையில் விற்கும் 10 அங்குல மேசை ரம்பங்கள் பெரும்பாலும் 3000-க்கு மேல், 4000-ஐ ஒட்டி ஓடுகின்றன. 4000-ல் நொடிக்கு 53 மீட்டர். ஏழேகால் அங்குலக் கை ரம்பம் 5000-ல் 48 மீட்டர். ஆக உங்களுடையது மெதுவாக ஓடுகிறது என்பது உண்மைதான். வேகத்தை ஏற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதும் தவறில்லை.

ஆனால் புல்லி வேகத்தைக் கொடுக்கும், சக்தியைக் கொடுக்காது. 1 ஹெச்.பி. என்பது 746 வாட். நொடிக்கு 19 மீட்டரில் பல் முனையில் கிடைக்கும் தள்ளுவிசை கிட்டத்தட்ட 4 கிலோ. 53 மீட்டரில் அது ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே. இதில் பெல்ட்டும் பேரிங்கும் தின்பது வேறு. இரண்டு அங்குல வேம்பை 2.8 மி.மீ. அகலத்துக்கு நெட்டுவாக்கில் அறுக்க 1 ஹெச்.பி. மிகவும் இழுபறி. உங்கள் நிலையில் நான் 4000-க்குப் போக மாட்டேன். மோட்டாரில் 6 அங்குலம், ஷாஃப்டில் 3 அங்குலம் போட்டு 2880-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வேன். 10 அங்குலத்தில் நொடிக்கு 38 மீட்டர் கிடைக்கும். பிளேடை 8 அங்குலமாக்கினால் 31 மீட்டர்தான், ஆனால் மோட்டார் கிளம்பும்போது சுமை குறையும், பிளாஞ்ச் விகிதமும் கூடும். இரண்டு அங்குலத்துக்கு மேல் அறுக்கும் வேலை உங்களுக்கு அடிக்கடி வராது என்றால் 8 அங்குலமே நல்லது. பெல்ட்டின் இறுக்கம், நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 400 மி.மீ. இடைவெளிக்கு ஆறு மில்லி இறங்கும் அளவு. கருப்புத் தூள் உதிர்ந்தால் அல்லது ரப்பர் வாசம் வந்தால் வழுக்குகிறது. மோட்டாரை கீல் வைத்த பலகையில் மாட்டினால் அதன் எடையே பெல்ட்டை இறுக்கிக்கொள்ளும்.

கருகலுக்கு வேகத்தைவிடப் பல் எண்ணிக்கைக்குப் பங்கு அதிகம். அறுபது பல் பிளைவுட்டையும் குறுக்கு வெட்டையும் வழவழப்பாக்கச் செய்தது. நெட்டுவாக்கில் அறுத்தால் நீளமான இழைச் சுருள் வரும். அந்தச் சின்னப் பல்லிடுக்கில் அதற்கு இடம் இல்லை. தூள் வெளியேறாமல் உரசி உரசிச் சூடாகும். நெட்டு வெட்டுக்கு 24 பல் போடுங்கள், பல் அகலம் 2 மி.மீ.யை ஒட்டிய மெல்லிய வகையாக இருந்தால் 1 ஹெச்.பி.க்கு இன்னும் ஒத்துவரும். ஒன்று மட்டும், மெல்லிய தகடு பிளாஞ்ச் விஷயத்தில் இரக்கம் காட்டாது. பழைய வாஷரில் மாட்டினால் முன்பைவிட மோசமாக ஆடும்.

திணறலுக்கு மின்சாரமும் காரணமாக இருக்கலாம். இண்டக்ஷன் மோட்டாரின் திருகுவிசை மின்னழுத்தத்தின் இருமடியில் குறையும். 230-க்குப் பதில் 190 வந்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்து ஓட்டாதீர்கள். ரீங்காரம் மட்டும் போட்டுக் கிளம்பாமல் நின்றால் கண்டன்சரைப் பார்க்க வேண்டும்; பிளேடைக் கையால் சுழற்றிக் கிளப்பிவிடும் பழக்கம் வேண்டாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் போடலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இந்த மோட்டாரின் வேகத்தை மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் மோட்டாருக்குள் உள்ள காந்தப் போல்களின் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன, ரெகுலேட்டர் அதைச் சூடாக்க மட்டும் செய்யும். உண்மை வேகம் தெரிய ஒளியால் சுற்றை எண்ணும் டேக்கோமீட்டரும் பளபளப்பு ஸ்டிக்கரும் போதும். ஷாஃப்டில் ஒட்டி, அறுக்கும்போது பாருங்கள். 2880-லிருந்து 2700-க்குக் கீழே இறங்கினால் தள்ளும் வேகத்தைக் குறையுங்கள்.

புல்லி மாற்றுவதற்கு முன் பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச ஆர்.பி.எம்.மைப் படியுங்கள். நல்ல 10 அங்குல பிளேடுக்கு 2880 பிரச்சினையாக இருக்காது. ஆனால் எண்ணே போடாத பிளேடை மாட்டாதீர்கள். பிளேடுக்குப் பின்னால், பிளேடின் தகட்டைவிடத் தடித்ததாகவும் பல்லின் அகலத்தைவிட மெல்லியதாகவும் ஒரு ரிவிங் நைஃப் (அறுத்த பிளவு மூடாமல் தடுக்கும் தகடு) கட்டாயம் வையுங்கள். அறுத்த மரம் பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால் பலகை உங்கள் வயிற்றை நோக்கித்தான் வரும். முதல் ஓட்டத்துக்கு பிளேடின் நேரில் நிற்காமல் ஓரமாக நின்று, சுவிட்ச்சைத் தள்ளி வைத்து, மரம் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். நிறுத்தியதும் பிளக்கை உருவி, நட்டையும் பிளம்மர் பிளாக் கிரப் ஸ்க்ரூக்களையும் மறுபடி சரிபாருங்கள். புதிதாக உட்கார்ந்தவை முதல் ஓட்டத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

அந்த அரைச் சுற்றுச் சோதனையை முதலில் செய்துவிட்டு, தள்ளல் பெருக்கல் குறியோடு போனதா, ஷாஃப்டோடு நின்றதா என்று எழுதுங்கள். ஷாஃப்டோடு நின்றால் பிளம்மர் பிளாக் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தையும், கடைசிப் பேரிங்கிலிருந்து பிளேடு எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லேத்துக்கு எடுத்துப்போகும் அளவுகளை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.